பவளக்கல் கோவிலில் ஒரு சனிக்கிழமை

தூத்துக்குடிக்கு நான் போய்ச் சேர்ந்த விதமே கோணல். மணியாச்சி ஜங்ஷனில் ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியைத் திருநெல்வேலிக்கும் பின்பாதியைத் தூத்துக்குடிக்கும் அனுப்புவார்களாம். பினாங்கில் பிறந்து, அங்கேயே துறைமுகக் கிளார்க்காக இருந்து, அங்கேயே ரிட்டயர் ஆனவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முன்பாதியில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நெல்வயல். கடலைக் காணோம்.

எதிரே இருந்த விவசாயியிடம் தூத்துக்குடி எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என் பெட்டியையும் தொப்பியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தூத்துக்குடியா? அது பின்னாலயே கழண்டு போச்சுல்லா. திருநவேலில எறங்கி பஸ்ஸப் புடிங்க. ஒண்ணும் கெட்டுப் போவல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஞானப்பூ கூட இருந்திருந்தால் அவர்களைவிட அதிகமாகச் சிரித்திருப்பாள். அதை நினைத்ததும் கோபம் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் தேவலை.

ஞானப்பூ என் மனைவி. தூத்துக்குடிக்காரி. தாய் இல்லாத பெண்ணாகத் தகப்பனாரோடு கப்பலேறி பினாங்குக்கு வந்தவள், பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டில் இப்போது நான் மட்டும். வானொலியை உரக்க வைத்துக்கொள்கிறேன்.

அவளுக்காக ஒரு பித்தளைத் தகடு அடிக்கச் சொன்னேன். பினாங்கில் எங்கள் ஆங்கிலிக்கன் கோவில் சுவர் முழுக்க இப்படித் தகடுகள் உண்டு. சனிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குவார்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சொல்வாள்: "எங்க அம்மா பேரும் எங்க ஊருக் கோவில் சுவர்ல இருக்கு." அவ்வளவுதான் சொல்வாள். ஆகவே அம்மாவின் பேருக்குப் பக்கத்தில் மகளின் பேரையும் மாட்டிவிட்டு வருவது என்று தீர்மானித்தேன். ரிட்டயர் ஆன இந்த வயதில் நான் இந்தியாவுக்கு வந்தது இந்த ஒரு காரியத்துக்குத்தான். பெட்டியில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, அவளுடைய பழைய சேலை ஒன்று. சேலைக்குள் தகடு.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கிடைத்தது. குளித்தால் உடம்பெல்லாம் உப்பு. குடிதண்ணீர் தனிக் குடத்தில், அளந்துதான் தருகிறார்கள். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்ததால் தலையணையில்கூடத் தூசி. ஆனால் சாப்பாட்டைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். புரோட்டாவை எண்ணெயில் பொரித்து, உடைத்து, மேலே குழம்பை ஊற்றித் தந்தார்கள். எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ரொட்டி இதற்குப் பக்கத்தில் நிற்காது. அதை ஒருவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் ஆள் இல்லை.

மறுநாள் காலையில் ஒரு குதிரைவண்டி பிடித்து, "கோவிலுக்குப் போ" என்றேன். நேராக மாதா கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். கடலோரத்துக் கத்தோலிக்கர்களின் பெரிய கோவில். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இது இல்லை, ஆங்கிலிக்கன் கோவில் என்றேன். வண்டிக்காரனுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. பழைய வெள்ளைக்காரர் கோவில், சுவர் தடியாக இருக்கும் என்றேன்.

"இங்கிலீசுக் கோவிலா? அதச் சொல்ல வேண்டியதுதான? இங்க கோவிலுன்னா இதான்," என்று குதிரையைத் திருப்பினான். தப்பு என்னுடையது என்பதுபோல் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

இங்கிலீசுக் கோவிலை இங்கிலீஷ்காரர்கள் கட்டவில்லை. டச்சுக்காரர்கள் கட்டியது. முத்தும் துணியும் வாங்க வந்தவர்கள், தங்கள் ஊர் வீட்டு முகப்பு மாதிரியே இரண்டு பக்கமும் சுருள் வைத்த முகட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கோபுரம் கிடையாது. மணி, தனியாக நிற்கும் ஒரு வளைவில் தொங்குகிறது. பிறகு ஊர் இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது, கோவிலும் வந்தது. அவர்கள் பிரம்பு பின்னிய பெஞ்சுகளும் கழுகு வடிவத்தில் வேத புத்தகத் தாங்கியும் கொண்டுவந்தார்கள். அவர்களும் போய், இப்போது தென்னிந்தியத் திருச்சபை. வாசலில் அரசாங்கத்தின் நீலப் பலகை: பாதுகாக்கப்பட்ட கட்டடம், சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவார்கள். பலகையின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. சுவர் செங்கல் இல்லை, எதிரே உள்ள தீவுகளிலிருந்து தோணியில் கொண்டுவந்த பவளக்கல். ஞானப்பூ, "எங்க கோவில் ஜன்னல்ல ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம்" என்பாள். முப்பது வருஷம் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஜன்னல் திண்டைக் கையால் அளந்து பார்த்தேன். படுக்கலாம்தான், கொஞ்சம் காலை மடக்க வேண்டும். மேலே பர்மாத் தேக்கு உத்தரங்கள். தரையில் டச்சுக் கல்லறைப் பலகைகள். கப்பல், மண்டையோடு, படிக்க முடியாத எழுத்து, நடந்து நடந்து வழுவழுப்பாகி இருந்தன. ஒரு ஜன்னலுக்குக் கீழே பூச்சு உதிர்ந்த இடத்தில், வெள்ளைச் சுண்ணாம்பு வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக இருந்தது. அது ஏன் அவ்வளவு தடிமன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தகடு தேடுகிற அவசரத்தில் இருந்தேன்.

சுவரில் சலவைக் கல்லும் பித்தளையும் நிறையவே இருந்தன. காலராவில் இறந்த கேப்டன். முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்து காய்ச்சலில் போன அதிகாரி. பஞ்சாலை மேனேஜரின் மனைவியும் அவளுடைய கைக்குழந்தையும். ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். எல்லாம் வெள்ளைக்காரர் பேர். தமிழ்ப் பேர் ஒன்றுகூட இல்லை.

பாஸ்டர் ஐயர் வந்தார். போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்கிறார்கள். இளைஞர், போன மாதம்தான் நாசரேத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தமிழ் ஆளுக பேர் இந்தச் சுவர்ல கிடையாதே ஐயா," என்றார். "உங்க வீட்டம்மா வேற கோவிலச் சொல்லியிருப்பாங்களோ?"

"வேறு கோவில் இல்லை. இதே கோவில்தான். அதிருக்கட்டும், என் தகட்டுக்கு ஓர் இடம் காட்டுங்கள்."

அவர் சங்கடத்தோடு ஒரு பழைய கல்வெட்டுக்குக் கீழே காட்டினார். உள்ளே இருந்த இரும்பு ஆணி கடல் காற்றில் துருப்பிடித்து ஊதி, பூச்சைப் பிளந்திருந்தது. சுவரில் துரு வழிந்த கோடு. "பவளக்கல் உப்ப உறிஞ்சும். ஒரு ஆணி அடிச்சா பத்து வருசத்துல இவ்வளவு எடமும் உதிர்ந்துரும். புதுசா எதுவும் மாட்டக் கூடாதுன்னு உத்தரவு. எனக்கு மனசு இல்லாம இல்ல."

நான் சண்டை போட்டேன். கொஞ்சம் சத்தமாகவே போட்டேன். காலராவில் செத்த கேப்டனுக்கு இடம் இருக்கிறது, இங்கே ஞானஸ்நானம் பெற்றவளுக்கு இல்லையா என்று கேட்டேன். நியாயம் அவர் பக்கம் இருந்தது எனக்கும் தெரிந்தது. தகட்டைச் சேலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று முழுவதும் ஊரில் சும்மா நடந்தேன். அவள் குடியிருந்த தெருவில் இப்போது பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. அவள் அப்பா பேரைச் சொல்லிக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கடற்கரையில் தோணிகள் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் முத்துக்குளிக்க இங்கிருந்துதான் போனார்களாம். இப்போது குளிப்பே இல்லை, சிப்பி மட்டும் குவியல் குவியலாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகிறது. பேக்கரி வாசலில் நின்று மக்ரூன் தின்றேன். முந்திரியும் சர்க்கரையும் வாயில் கரைந்தன. அவள் பினாங்கு வீட்டில் இதைச் செய்ய முயன்று, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கருகவிடுவாள். "ஊர்த் தண்ணி இல்ல, அதான்" என்பாள். மக்ரூனுக்குத் தண்ணீரே சேர்ப்பதில்லை என்று கடைக்காரர் சொன்னார். இதைப் போய் யாரிடம் சொல்லிக் கேலி செய்வது?

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அம்மா பேர் சுவரில் இருக்கிறது என்று அவள் சொன்னதே கற்பனையோ? தாய் இல்லாத பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானமோ? அப்படியானால் நான் எதைத் தேடி வந்தேன்? இரவு லாட்ஜ் அறையில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் ஞானப்பூவைத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், நானும் போய்விட்டால் அவள் இருந்த அடையாளமே இல்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

சனிக்கிழமை மத்தியானம் ரயில். காலையில் பெட்டியோடு கிளம்பி, வழியில் கோவிலைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். வண்டிக்காரன் அதே ஆள். "இங்கிலீசுக் கோவில்தான?" என்று அவனே கேட்டான்.

கோவிலுக்குள் ஒரே களேபரம். பெஞ்சுகளை நடுவில் இழுத்துப் போட்டு, ஆண்களும் பெண்களும் வாளியும் மட்டையுமாக நின்றார்கள். அடுத்த நாள் குருத்தோலை ஞாயிறு. அதற்கு முந்தின சனிக்கிழமை கோவிலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம் என்று தெரிந்தது. கூலி ஆள் இல்லை, சபையாரே அடிக்கிறார்கள். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் கஞ்சியும் கொஞ்சம் நீலமும் கலந்து தொட்டியில் வைத்திருந்தார்கள். பனைமட்டை நுனியை நசுக்கியதுதான் தூரிகை.

நான் ஒதுங்கி நின்று, ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். அதற்கும் காரணம் உண்டு. பிரசங்கம் நீளும்போது தான் உட்கார்ந்த இடத்திலிருந்து தீவின் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஞானப்பூ சொல்லியிருக்கிறாள். வடக்குப் பக்கம் எல்லா ஜன்னலையும் கிட்டங்கிச் சுவர் மறைத்தது. கிழக்கே கடைசி ஜன்னலில் மட்டும், இரண்டு கிட்டங்கிகளுக்கு நடுவில், விளக்கின் தலை தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, சன்னலுக்குச் சன்னல் எட்டிப் பாக்கிய? ஏதும் தொலைஞ்சு போச்சா?"

கேட்டது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். வெள்ளைச் சேலை, கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள், முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. பேர் தங்கபாய். பஞ்சு அழுத்தும் ஆலையில் எடை போடுகிறவராக இருந்த அவள் கணவர் எபநேசர் ஆடி மாதம் காலமாகியிருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான், "என் மனைவி சின்ன வயதில் இந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்," என்று மட்டும் சொன்னேன்.

"எங்க இருக்காக?"

"இல்லை. போன மழைக்காலத்தில் போய்விட்டாள்."

அவள் மட்டையை வாளியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ பேரு எழுத வந்தியளா? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சுற்றிலும் கை காட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். ஒரு வருஷத்து விளக்குப் புகையும் உப்புக் காற்றும் படிந்து மங்கிய சுவரில், அங்கங்கே வெள்ளை எழுத்தில் பேர்கள். ஒரு குடும்பம் ஒரு பேருக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. ஜெபம் முடிந்ததும் ஒரு பெண் மட்டையை எடுத்து அந்தப் பேரின் மேலேயே வெள்ளை அடித்தாள்.

"தமிழ் ஆளுக்குக் கல்லு வைக்க அந்தக் காலத்துல துரைமாரு விடல," என்றாள் தங்கபாய். "வெள்ளையடிக்க மட்டும் கூப்பிடுவாக. நம்மாளுக என்ன செஞ்சாக? அந்த வருசம் செத்தவுக பேர, அவுக உக்காருத எடத்துச் சுவர்ல எழுதி, அதுக்கு மேல அடிச்சுட்டுப் போயிட்டாக. துரைக்கு என்ன தெரியும்? இன்னைக்கு வரைக்கும் அதான்." பூச்சு உதிர்ந்திருந்த இடத்தைக் காட்டினாள். "தோல் தோலா இருக்குல்லா. ஒவ்வொரு தோலுக்குள்ளயும் ஆளுக இருக்காக."

கலங்கரை விளக்கம் தெரிந்த அந்த ஜன்னலுக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். என் மாமியார், நான் பார்த்தே இராத அந்த அம்மாள், எந்த அடுக்கில் இருக்கிறாளோ. ஞானப்பூ பொய் சொல்லவில்லை. அதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா இந்தச் சன்னல் எங்க எடம்," என்றாள் தங்கபாய் மெதுவாக. "அவியளும் இங்கனதான் உக்காருவாவ." ஜன்னலுக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தது ஒரு முழச் சுவர். கணவர் பேருக்கென்று வைத்திருந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆடி மாதத்திலிருந்து காத்திருந்து வந்தவளிடம் பாதியைக் கொடு என்று எப்படிக் கேட்பது?

"பேரு நீளமா?"

"ஞானப்பூ."

"சின்னதுதான? வாங்க. அவிய எல்லாருக்கும் நகந்து எடம் குடுக்குத ஆளு. இப்பவும் நகந்துக்கிடட்டும்."

அவள் முதலில் எழுதினாள். பிறகு மட்டை என் கைக்கு வந்தது. எழுதினேன். ஒன்றும் தெரியவில்லை, சுவர் நனைந்ததுதான் மிச்சம். சுண்ணாம்பு தண்ணீராக இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தொட்டியின் அடியைக் கலக்கிக் கெட்டியாக எடுத்து, அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினேன். இரண்டாவது கோடு முதல் கோட்டில் விழாமல் கோணிக்கொண்டது.

தங்கபாய் சிரித்தாள். "அவசரப்பட்டுட்டியளே. ஈரத்துல சுண்ணாம்பு தெரியாது. காயணும்லா."

காத்திருந்தோம். அவள் தூக்குச் சட்டியிலிருந்து கருப்பட்டிக் காப்பி ஊற்றித் தந்தாள். பினாங்கில் எது சாப்பிடுவோம், அங்கேயும் வெயில் உண்டா என்று கேட்டாள். அம்மா பேர் இந்தச் சுவரில் இருப்பதாக ஞானப்பூ சொல்லிவந்ததையும், அவள் மக்ரூன் கருக்கிய கதையையும் சொன்னேன். "தண்ணியா? மக்ரூனுக்கா?" என்று சிரித்தாள். சுவரில் முதலில் எபநேசர் வெளுத்து வந்தார். அவருக்குப் பக்கத்தில், இரட்டைக் கோடாக, குடிகாரன் எழுதியதுபோல, ஞானப்பூ வந்தாள். என் மனைவியின் பேரை அவளுடைய கோவிலில், அவள் உட்கார்ந்த இடத்தில் பார்த்தேன். பித்தளையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

ஐயர் வந்து நின்றார். அவருக்கும் இந்த வழக்கம் புதிது போலும். எங்களோடு சேர்ந்து அவரும் பேர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு பேரையும் சொல்லி ஜெபித்தார்.

"இனி மூடணும்," என்றாள் தங்கபாய். தன் கணவர் பேரின் மேல் தயங்காமல் அடித்தாள். என் பங்கு மட்டும் நின்றது. வெளியே வண்டிக்காரன், "ரயிலுக்கு நேரமாச்சுய்யா," என்று குரல் கொடுத்தான். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. பினாங்கில் அவளை மண்ணைப் போட்டு மூடிய அன்றைக்கு நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கே நானேதான் செய்ய வேண்டும்.

"அடிங்க அண்ணாச்சி. மூடுனாத்தான் சுவருக்குள்ள போவாக. அவுக அம்மா இருக்காகள்ல அங்கன."

அடித்தேன். மேலிருந்து கீழே, ஒரு தடவை. ஆனால் பேர் மறையவில்லை. ஈரச் சுண்ணாம்புக்குள் இரட்டைக் கோடு அப்படியே தெரிந்தது. எபநேசர் மங்கத் தொடங்கியிருந்தார். ஞானப்பூ மட்டும் அசையவில்லை.

"கெட்டியா எழுதிட்டிய. காஞ்சு மறையுததுக்குச் சாயங்காலம் ஆவும்," என்றாள். பிறகு பெஞ்சை ஜன்னல் ஓரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க போங்க. முழுசும் காயுத வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

வண்டிக்காரன் மறுபடி கூப்பிட்டான். தகடு சேலைக்குள் இருந்தபடியே பெட்டியை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். தங்கபாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பேர் அப்போதும் தெரிந்தது.